ஆள் சேர்க்கும் நாளிலேயே தொடங்கும் வரிச்சலுகை: அமெரிக்காவில் சிறுதொழில் நடத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் மளிகைக் கடையோ உணவகமோ மோட்டலோ நடத்திக்கொண்டு, முதன்முறையாகச் சம்பளத்துக்கு ஆள் வைக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அரசு உதவியில் குடும்பம் நடத்தும் ஒருவரை வேலைக்கு எடுத்தால், எடுத்தவருடைய கூட்டாட்சி வருமான வரியில் ஒரு தொகை குறைவதற்கு அங்கே சட்டம் இருக்கிறது (2025 இறுதிக்குப் பின் வேலை தொடங்குவோருக்கு அது நீட்டிக்கப்பட்டிருக்க வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்). வொர்க் ஆப்பர்ச்சுனிட்டி டாக்ஸ் கிரெடிட் என்று பெயர். டபிள்யூ.ஓ.டி.சி. என்று சுருக்கிச் சொல்வார்கள். பெரும்பாலான பிரிவுகளில் ஓர் ஊழியருக்கு 2,400 டாலர் வரை கிடைக்கும். நெடுநாள் குடும்ப உதவி வாங்கியவரை எடுத்தால் இரண்டு ஆண்டுகளில் 9,000 டாலர் வரை கிடைக்கும். இத்தனை பேருக்குத்தான் என்ற உச்சவரம்பும் கிடையாது.

இது செலவுக் கழிவு அல்ல. செலவுக் கழிவு என்றால் வரி போடுவதற்கு முன் வருமானத்தைக் குறைப்பது. இது, வரி போட்டு முடித்தபின் கட்டவேண்டிய தொகையிலிருந்தே நேராகக் கழிவது. 2,400 என்றால் வரியில் 2,400 குறைகிறது.

பெரிய சங்கிலிக் கடைகளில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதே இதற்கான கேள்விகளும் சேர்ந்து வந்துவிடுகின்றன. சிறுகடைக்காரர்களுக்குத்தான் கைநழுவிப் போகிறது. சிறிய கடைகளுக்குக் கணக்கு எழுதித் தரும் வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான். வரிக் கணக்கு போடும் பருவத்தில் சி.பி.ஏ. என்னும் கணக்காளரிடம் போய், “போன வருஷம் ஃபுட் ஸ்டாம்ப் வாங்குற ஒருத்தரை வேலைக்கு வச்சேன், ஏதோ கிரெடிட் உண்டாமே?” என்று கேட்பார்கள். அவரால் அப்போது செய்ய ஒன்றும் இருக்காது. வேலை தருவதாகச் சொன்ன நாளில் ஒரு கையெழுத்து, வேலை தொடங்கிய 28 நாளுக்குள் ஒரு தபால். இந்த இரண்டும் நடந்திருந்தால் சலுகை உண்டு. நடக்கவில்லை என்றால், அந்த ஊழியர் எவ்வளவு தகுதியுள்ளவராக இருந்தாலும் இல்லை.

முதலில், சட்டத்தின் காலக்கெடு

இது நிரந்தரச் சட்டம் அல்ல. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நீட்டித்துக்கொண்டே வந்திருக்கிறது. 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டம், 2025 டிசம்பர் 31க்குள் வேலை தொடங்கியவர்களுக்கு இது பொருந்தும் என்று வரையறுத்தது. அந்தத் தேதிக்குப் பின் சேர்ந்தவருக்குக் கிடைக்கவேண்டுமானால் காங்கிரஸ் மறுபடி நீட்டிக்க வேண்டும். ஆகவே ஆள் எடுக்குமுன் ஐ.ஆர்.எஸ். என்னும் கூட்டாட்சி வரித் துறையின் இணையதளத்தில் இன்றைய நிலை என்ன என்று பாருங்கள்.

நீட்டிப்பு வராத இடைவெளியில் “அதான் முடிஞ்சுபோச்சே” என்று விட்டுவிடாதீர்கள். 2014 இறுதியில் இந்தச் சட்டம் காலாவதியானது. 2015 டிசம்பரில்தான் மறு உயிர் வந்தது, ஆனால் 2015 ஜனவரி 1 முதலே செல்லும் என்று முன்தேதியிட்டு வந்தது. அப்படிப்பட்ட இடைவெளிகளில் தொழிலாளர் துறை மாநில அலுவலகங்களுக்குச் சொல்லும் வழக்கமான அறிவுரை: படிவங்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தகுதிச் சான்றிதழ் மட்டும் வழங்காதீர்கள். படிவம் அனுப்புவதற்குக் கட்டணம் இல்லை. அனுப்பி வைத்தவருக்கு வரிசையில் இடம் இருக்கும். அனுப்பாதவர், அரசு தனியாகக் கூடுதல் அவகாசம் தருமா என்று காத்திருக்க வேண்டும். 2016இல் ஐ.ஆர்.எஸ். அப்படி அவகாசம் தந்தது உண்மைதான், ஆனால் அதை நம்பித் தொழில் நடத்த முடியாது.

யாரை எடுத்தால் கிடைக்கும்

மொத்தம் பத்துப் பிரிவுகள். அரசு உதவி பெறுவோர் என்ற வகையில் நான்கு முக்கியம், அவற்றை விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது ஸ்நாப், அதாவது நம்மவர்கள் இன்னும் ஃபுட் ஸ்டாம்ப் என்று சொல்லும் உணவு உதவி. கலிஃபோர்னியாவில் இதற்கே கால்ஃப்ரெஷ் என்று பெயர். வேலையில் சேரும் நாளில் 18 வயது நிறைந்திருக்க வேண்டும், 40 ஆகியிருக்கக் கூடாது. அவருடைய குடும்பம் சேரும் நாளுக்கு முந்தைய ஆறு மாதமும் ஸ்நாப் வாங்கியிருக்க வேண்டும். வேலை நிபந்தனையை நிறைவேற்றாததால் உதவி நின்றுபோனவர் என்றால், முந்தைய ஐந்து மாதத்தில் மூன்று மாதம் வாங்கியிருந்தாலும் போதும். மளிகைக் கடைக்காரர்களுக்கு இது அன்றாடம் கண்ணில் படும் விஷயம். கல்லாவில் உதவித் தொகை வரும் இ.பி.டி. அட்டையைத் தேய்த்துச் சாமான் வாங்கிப் போகிறவர்களில் ஒருவர்தான் நாளை “ஆள் வேணுமா?” என்று கேட்டு வரக்கூடும்.

இரண்டாவது டேன்ஃப், சிறு பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பங்களுக்கு மாநிலங்கள் வழியாகக் கிடைக்கும் பண உதவி. இதற்கும் மாநிலத்துக்கு ஒரு பெயர். கலிஃபோர்னியாவில் கால்வொர்க்ஸ், நியூ ஜெர்சியில் வொர்க் ஃபர்ஸ்ட். சேரும் நாளில் முடியும் 18 மாதத்தில் ஏதேனும் ஒன்பது மாதம் குடும்பம் இதை வாங்கியிருக்க வேண்டும்.

மூன்றாவது, அதே டேன்ஃப் உதவியை நெடுங்காலம் வாங்கியவர்கள். தொடர்ச்சியாக 18 மாதம் வாங்கியிருந்தாலோ, சட்டம் விதிக்கும் கால வரம்பைத் தொட்டதால் உதவி நின்று இரண்டு ஆண்டுக்குள் வேலைக்கு வந்தாலோ இந்தப் பிரிவில் சேர்வார். கூட்டாட்சிப் பணத்தில் வரும் டேன்ஃப் பொதுவாக வாழ்நாளில் 60 மாதம்தான். அது தீர்ந்துபோன தாய்மார்கள் பலர் உண்டு. தொகையில் பெரியது இந்தப் பிரிவு. முதல் ஆண்டு ஊதியத்தில் 10,000 டாலர் வரை 40 விழுக்காடு, இரண்டாம் ஆண்டில் 10,000 டாலர் வரை 50 விழுக்காடு. முன்னே சொன்ன 9,000 டாலர் இப்படித்தான் வருகிறது. டேன்ஃப் என்று ஒருவர் சொன்னால் எத்தனை மாதம் என்பதையும் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டாவது பிரிவுக்கும் மூன்றாவது பிரிவுக்கும் இடையே 6,600 டாலர் வித்தியாசம் இருக்கிறது.

நான்காவது எஸ்.எஸ்.ஐ., அதாவது உடற்குறையோ முதுமையோ உள்ள வறியவர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் தரும் மாத உதவி. சேரும் நாளுக்கு முந்தைய 60 நாளுக்குள் முடிந்த ஏதேனும் ஒரு மாதத்தில் வாங்கியிருந்தால் போதும். வயது வரம்பு இல்லை.

ஸ்நாப், டேன்ஃப் இரண்டிலும் கவனிக்க வேண்டிய சொல் ‘குடும்பம்’. உதவி வேலைக்கு வருபவர் பெயரில் இருக்கவேண்டும் என்பதில்லை. அம்மா பெயரில் ஸ்நாப் வரும், மகன் உங்கள் சமையலறையில் வேலை கேட்பான். அவனும் தகுதியுள்ளவனே. பின்னால் நிரப்பும் படிவத்தில் உதவி யார் பெயரில், எந்த ஊரில், எந்த மாநிலத்தில் வருகிறது என்று கேட்பார்கள். அங்கே அம்மாவின் பெயரை எழுதவேண்டும். இந்த ஒரு கட்டத்தைத் தப்பாக நிரப்பினாலே “எங்கள் பதிவில் இல்லை” என்று திரும்பி வந்துவிடும்.

மற்ற பிரிவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்னாள் படைவீரர்கள் ஒரு பிரிவு. வேலையின்றி இருந்த காலம், பணியால் வந்த உடற்குறை ஆகியவற்றைப் பொறுத்து 2,400 முதல் 9,600 டாலர் வரை போகும். பெருங்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு, தீர்ப்போ விடுதலையோ ஆகி ஓராண்டுக்குள் வேலைக்கு வருபவர் இன்னொரு பிரிவு. தொழில் மறுவாழ்வு அமைப்புகள் அனுப்பி வைக்கும் உடற்குறையுள்ளவர்கள், 27 வாரம் தொடர்ந்து வேலையின்றி இருந்து அந்தக் காலத்தில் வேலையின்மை உதவி வாங்கியவர்கள், அரசு வரையறுத்த பின்தங்கிய பகுதிகளில் வசிக்கும் இளைஞர்கள், அப்பகுதிகளில் கோடைக்கு மட்டும் வேலைக்கு வரும் 16, 17 வயதுப் பிள்ளைகள் ஆகியோரும் உண்டு.

படி 1: வேலை தருவதாகச் சொல்லுமுன்

ஐ.ஆர்.எஸ். படிவம் 8850. இரண்டே பக்கம். முதல் பக்கத்தை விண்ணப்பிப்பவர் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். “உனக்கு வேலை உண்டு” என்று நீங்கள் சொல்லும் நாளோ, அதற்கு முன்போ அது முடிந்திருக்க வேண்டும். மறுநாள் கூடாது.

இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1978இல் இதற்கு முன்னோடியாக ஒரு வரிச்சலுகை வந்தது. தொடக்க ஆண்டுகளில், ஆளைச் சேர்த்த பிறகும் அதற்குச் சான்றிதழ் வாங்க முடிந்தது. சலுகை இல்லாவிட்டாலும் பெரும்பாலோரை முதலாளிகள் எடுத்தேதான் இருப்பார்கள் என்று தொழிலாளர் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 1994இல் அறிக்கை தந்தது. அந்த ஆண்டோடு அது காலாவதியானது. 1996 ஆகஸ்ட் 20 அன்று அப்போதைய அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டத்தில் இன்றைய சலுகை பிறந்தது. இரண்டே நாள் கழித்து, ஆகஸ்ட் 22 அன்று, பழைய குடும்ப உதவித் திட்டத்தை மாற்றி டேன்ஃபைக் கொண்டுவந்த சட்டத்திலும் அவர் கையெழுத்திட்டார். ஒரு சட்டம் உதவிக்குக் கால வரம்பு போட்டது, மற்றது அந்த உதவியை விட்டு வருகிறவர்களுக்குக் கதவு திறக்கச் சொன்னது. ‘எடுப்பதற்கு முன்பே தெரிந்திருந்தது’ என்று காட்டத்தான் இந்த முன்கூட்டிய கையெழுத்து.

நடைமுறையில் எளிய வழி ஒன்றுதான். வேலை கேட்டு வரும் ஒவ்வொருவருக்கும் விண்ணப்பத்தோடு 8850ஐயும் சேர்த்துக் கொடுங்கள். ஆளைப் பார்த்து, உடையைப் பார்த்து, நிறத்தைப் பார்த்து “இவர் உதவி வாங்குபவராக இருப்பார்” என்று நீங்களே முடிவுகட்டிச் சிலருக்கு மட்டும் நீட்டாதீர்கள். அது மனிதர்களை அவமதிப்பது. பாகுபாட்டுப் புகாருக்கும் அதுவே வாசல். எல்லாருக்கும் கொடுத்தால் அது வெறும் நடைமுறை.

படிவமும் இந்தக் கூச்சத்தை நினைத்தே அமைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது கட்டத்தில் ஸ்நாப், டேன்ஃப், எஸ்.எஸ்.ஐ., சிறைத் தண்டனை, மறுவாழ்வு அமைப்பின் பரிந்துரை எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, “இவற்றில் ஏதேனும் ஒன்று பொருந்தினால் குறியிடுக” என்று மட்டுமே கேட்கிறார்கள். எது என்று அவர் சொல்லத் தேவையில்லை. நீங்களும் அந்த நேரத்தில் “எது?” என்று கேட்காதீர்கள். எல்லாவற்றையும் விரிவாகக் கேட்கும் அடுத்த படிவத்தை வேலை உறுதியான பிறகு நிரப்பச் சொல்லலாம். அதற்குள் அவருக்கும் வேலை கிடைத்த தெம்பு வந்திருக்கும்.

கொடுக்கும்போது இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “இது எல்லாருக்கும் குடுக்கிற ஃபார்ம்தான். நிரப்பணும்னு கட்டாயமில்லை. நிரப்பினா கடைக்கு வரியில கொஞ்சம் சலுகை கிடைக்கும். உங்களுக்கு வர்ற உதவியை இது பாதிக்காது.” இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நிரப்ப மறுத்தவரை அதற்காகவே ஒதுக்கக் கூடாது.

இரண்டாம் பக்கம் உங்களுடையது. நிறுவனத்தின் பெயர், வரி அடையாள எண், முகவரி, அதோடு நான்கு தேதிகள்: விண்ணப்பிப்பவர் தகவல் தந்த தேதி, வேலை தருவதாகச் சொன்ன தேதி, சேர்த்துக்கொண்ட தேதி, வேலை தொடங்கிய தேதி. பொய்யென்றால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழியோடு நீங்கள் கையெழுத்திடுகிறீர்கள். தேதியைப் பின்னுக்குத் தள்ளி எழுதும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு சலுகைக்காக அந்த உறுதிமொழியில் பொய் எழுதுவது தகாது.

படி 2: 28 நாளுக்குள் தபால்

வேலை தொடங்கிய நாளுக்குப் பின் 28ஆம் நாளுக்குள் 8850ஐ மாநில வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். மார்ச் 3ஆம் தேதி வேலைக்கு வந்தால் மார்ச் 31 கடைசி நாள். வார இறுதியும் விடுமுறையும் கணக்கில் சேரும். முன்பு இது 21 நாளாக இருந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் 28 ஆக்கியது. ஸ்நாப் பிரிவின் வயது வரம்பை 25இலிருந்து 40க்கு உயர்த்தியதும் அதே சட்டம்தான்.

ஐ.ஆர்.எஸ். படிவம் என்பதால் ஐ.ஆர்.எஸ்.ஸுக்கே அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. அங்கே அனுப்பிப் பயனில்லை. ஊழியர் எந்த மாநிலத்தில் வேலை செய்கிறாரோ அந்த மாநிலத்து அலுவலகத்துக்கே போக வேண்டும். கலிஃபோர்னியாவில் எம்ப்ளாய்மென்ட் டெவலப்மென்ட் டிபார்ட்மென்ட், டெக்ஸஸில் டெக்ஸஸ் வொர்க்ஃபோர்ஸ் கமிஷன், இப்படி ஒவ்வொரு மாநிலத்திலும் ஒன்று உண்டு. பல மாநிலங்களில் இணையத்திலேயே பதிவேற்றலாம். அப்படி வழி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், அனுப்பிய நாளும் நேரமும் பதிவாகிவிடும். தபாலில் அனுப்பினால் ரசீது வாங்கி, படிவத்தின் நகலோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.

8850 மட்டும் போதாது. தொழிலாளர் துறையின் படிவம் 9061 துணைக்குப் போகவேண்டும். ஊழியர் எந்தப் பிரிவில் வருகிறார், உதவி யார் பெயரில் எங்கே வருகிறது, என்ன ஆதாரம் இருக்கிறது என்ற விவரங்கள் இதில்தான். சிலர் வேலை கேட்டு வரும்போதே 9062 என்ற தாளோடு வருவார்கள். உதவி அலுவலகமோ வேலைவாய்ப்பு அலுவலகமோ முன்கூட்டியே தந்த நிபந்தனைச் சான்று அது. அது இருந்தால் 9061 வேண்டாம், 8850 மட்டும் அப்போதும் வேண்டும். 27 வாரம் வேலையின்றி இருந்தவர் என்றால் 9175 என்ற சுய உறுதிமொழிப் படிவம் ஒன்றும் கூடும்.

ஆதாரம் கையில் இருந்தால் சேர்த்து அனுப்புங்கள். உதவி அலுவலகம் அனுப்பிய கடிதத்தில் பெயரும் மாதங்களும் தெரிந்தால் அதுவே நல்ல ஆதாரம். இல்லாவிட்டாலும் மாநில அலுவலகம் உதவித் துறைப் பதிவுகளில் பார்த்துக்கொள்ளும். ஊழியர் அண்மையில் வேறு மாநிலத்திலிருந்து வந்திருந்தால், இவர்கள் அந்த மாநிலத்தைக் கேட்டு, அவர்கள் பதில் எழுதி என்று இழுக்கும். அப்படிப்பட்டவர்களிடம் கடிதத்தை முதலிலேயே கேட்டு வாங்குவது நல்லது.

படி 3: பதில் வரும்வரை

தகுதி உறுதியானால் 9063 என்ற சான்றிதழ் வரும். இந்தத் தாள் இல்லாமல் சலுகையைக் கோர முடியாது. வருவதற்குப் பல மாதங்கள் ஆகலாம். கூடுதல் விவரம் கேட்டுக் கடிதம் வந்தால் அதில் சொன்ன நாளுக்குள் பதில் போட வேண்டும். கடை முகவரிக்கு வரும் அரசுக் கடிதங்களை விளம்பரத் தாள்களோடு சேர்த்துக் குப்பையில் போடாமல் ஒருவர் பொறுப்பாகப் பிரித்துப் பார்க்கும் ஏற்பாடு வேண்டும்.

மறுத்தால் காரணத்தோடு கடிதம் வரும். காரணத்தைப் படியுங்கள். பெயர் எழுத்துப் பிழை, சமூகப் பாதுகாப்பு எண்ணில் ஓர் இலக்கம், உதவி பெறும் அம்மாவின் பெயர் விடுபட்டது போன்றவை என்றால் ஆதாரத்தோடு மேல்முறையீடு செய்யலாம். 28 நாள் தாண்டிவிட்டது என்று மறுத்தால் வாதாட இடமில்லை.

படி 4: மணி நேரமும் டாலரும்

ஊழியர் முதல் ஆண்டில் குறைந்தது 120 மணி நேரம் உங்களிடம் வேலை பார்த்திருக்க வேண்டும். 120ஐ எட்டி 400க்குள் நின்றுவிட்டால் ஊதியத்தில் 25 விழுக்காடு. 400ஐ எட்டினால் 40 விழுக்காடு. பெரும்பாலான பிரிவுகளுக்குக் கணக்கில் எடுக்கும் ஊதியம் முதல் 6,000 டாலர் வரை.

டாலஸ் பக்கத்தில் ஓர் உணவகத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்நாப் வாங்கும் குடும்பத்துப் பெண் ஒருவர் மணிக்கு 15 டாலர், வாரம் 25 மணி நேரம் என்று சேர்கிறார். வாரத்துக்கு 375 டாலர். நான்கு வாரத்தில் நின்றுவிட்டால் 100 மணி நேரம்தான், சலுகை இல்லை. பத்து வாரத்தில் நின்றால் 250 மணி, ஊதியம் 3,750, அதில் 25 விழுக்காடு 937 டாலர் 50 சென்ட். பதினாறு வாரம் இருந்தால் 400 மணி, 6,000 டாலர் இரண்டும் ஒரே நேரத்தில் நிறைந்து 2,400 டாலர் முழுதாகக் கிடைக்கிறது.

இதில் ஒரு பகுதியை மறு கையால் திருப்பித் தர வேண்டியிருக்கும். சலுகையாக எடுத்த தொகையை அந்த ஆண்டின் சம்பளச் செலவிலிருந்து குறைத்துக் காட்ட வேண்டும் என்பது வரிச் சட்டம். 21 விழுக்காடு வரி கட்டும் நிறுவனம் என்றால் 2,400இன் மீது 504 டாலர் வரி கூடும், நிகரமாக 1,896 டாலர் மிஞ்சும். சலுகையை விளம்பரம் செய்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. அப்போதும் பகுதிநேர ஊழியர் ஒருவரின் ஐந்து வாரச் சம்பளத்துக்கு மேல்.

400 மணி ஆனதும் அனுப்பிவிட்டு அடுத்த ஆளை எடுத்தால் மறுபடி 2,400 கிடைக்குமே என்று ஒரு கணக்கு தோன்றலாம். வேலையைக் கற்றுத் தேர்ந்து, வாடிக்கையாளர் பெயர்கூடத் தெரிந்துகொண்ட ஒருவரை அதற்காக விடுவது கடைக்கே நட்டம். புது ஆளுக்குக் கற்றுத்தரும் வாரங்களில் கெட்டுப்போகும் பண்டமும் கோபித்துப் போகும் வாடிக்கையாளரும் எந்தப் படிவத்திலும் வருவதில்லை. 2001இல் அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை அமைப்பு கலிஃபோர்னியா, டெக்ஸஸ் முதலாளிகளை ஆராய்ந்தபோதும், இப்படிச் சலுகைக்காக ஆள் மாற்றுவதாகத் தெரியவில்லை என்றே சொன்னது.

படி 5: வரிக் கணக்கில் கோருவது

இந்தப் படி சி.பி.ஏ.வின் வேலை. படிவம் 5884இல் கணக்கிட்டு, 3800 வழியாக வரிக் கணக்கில் சேர்ப்பார். கூட்டாண்மையோ எஸ் கார்ப்பரேஷனோ (லாபத்துக்கான வரியைப் பங்குதாரர்களே கட்டும் நிறுவன வகை) என்றால் பங்குதாரர்களுக்கு கே-1 என்ற படிவத்தின் மூலம் பிரிந்து போகும். வரி குறைவாக இருந்து சலுகை மிஞ்சினால் கையில் பணமாகத் தரமாட்டார்கள், ஆனால் வீணாகாது. ஓராண்டு பின்னோக்கியும் இருபது ஆண்டு முன்னோக்கியும் கொண்டுபோகலாம். புதிதாகக் கடை போட்டு முதல் வருடம் நட்டத்தில் இருப்பவர்கள் “எனக்கு எதுக்கு?” என்று விடக் கூடாது என்பது இதனால்தான்.

வரிக் கணக்கு அனுப்பிய பிறகு சான்றிதழ் வந்தால், ஊதியம் கொடுத்த ஆண்டின் கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். சான்றிதழ், படிவ நகல்கள், தபால் ரசீது, மணி நேரப் பதிவு, பேரோல் தாள்கள் எல்லாம் ஊழியர் பெயரில் ஒரே உறையில் இருக்கட்டும்.

சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்லிச் சலுகையில் விழுக்காடு கேட்கும் நிறுவனங்கள் உண்டு. நூறு பேர் வேலை செய்யும் இடத்துக்கு அது சரி. ஆண்டுக்கு மூன்று பேர் எடுக்கும் கடைக்கு நீங்களே செய்துகொள்ளலாம், அரை மணி நேர வேலைதான்.

எங்கே கிடைக்காது

நம்மவர்கள் முதலில் வேலைக்கு வைப்பது சொந்தக்காரர்களை. அங்கே இந்தச் சலுகை செல்லாது. மகன், மகள், பேரப்பிள்ளைகள், அண்ணன் தம்பி, அக்கா தங்கை, அவர்களுடைய பிள்ளைகள், அப்பா அம்மா, அவர்களுடன் பிறந்த சித்தப்பா, பெரியப்பா, அத்தை, தாய்மாமன், சித்தி, பெரியம்மா, அப்புறம் மாமனார், மாமியார், மைத்துனர், மருமகன், மருமகள் எல்லாரும் விலக்கு. நிறுவனமாகப் பதிவு செய்திருந்தாலும், பாதிக்கு மேல் பங்கு வைத்திருப்பவரின் இந்த உறவுகளுக்கு அதே விதிதான்.

முன்பு உங்களிடம் வேலை பார்த்து நின்றவரை மறுபடி எடுத்தாலும் கிடைக்காது. வீட்டில் சமைக்க, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் கிடைக்காது, தொழிலுக்கான வேலையாக இருக்க வேண்டும். பயிற்சிக் காலத்துச் சம்பளத்தைக் கூட்டாட்சி நிதி திருப்பித் தருகிறது என்றால் அந்த ஊதியம் கணக்கில் வராது. கோயில், தமிழ்ப்பள்ளி போன்ற வரிவிலக்குப் பெற்ற அமைப்புகளுக்கு முன்னாள் படைவீரர்களை எடுத்தால் மட்டுமே உண்டு. அதற்கு 5884-சி என்று தனிப் படிவம், விழுக்காடும் குறைவு.

வேலைக்கு வந்தவருக்கு நீங்கள் செய்ய வேண்டியது

இந்தச் சலுகையில் ஊழியர் கைக்கு ஒரு சென்ட்டும் போவதில்லை. ஆனால் உங்களிடம் சம்பளம் வாங்கத் தொடங்கியதும் அவருடைய உதவியில் மாற்றம் வரும். இந்தப் படிவத்தால் அல்ல, வருமானத்தால். அவர் அதை உதவி அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கும்போது பே ஸ்டப் என்னும் சம்பளச் சீட்டைக் கேட்பார்கள், வேலையை உறுதிசெய்யும் கடிதம் கேட்பார்கள், வாரத்துக்கு எத்தனை மணி என்று கேட்பார்கள். முதலாளி கையெழுத்துப் போடத் தாமதித்ததால் ஒரு மாத உணவு உதவி நின்றுபோன குடும்பங்களை நான் அறிவேன். அந்தக் கடிதம் உங்கள் மேசைக்கு வந்தால் அன்றே நிரப்பிக் கொடுங்கள்.

வேலை நேரத்தையும் முடிந்தவரை நிலையாக வையுங்கள். ஒரு வாரம் 35 மணி, அடுத்த வாரம் 8 மணி என்று கொடுத்தால் அவருடைய உதவிக் கணக்கு ஏறி இறங்கி, எந்த மாதம் எவ்வளவு வரும் என்று அவருக்கே தெரியாமல் போகும். பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வரும் தாய் என்றால் அடுத்த வார நேரத்தை முந்தைய வாரமே எழுதிக் கொடுங்கள். 120 மணிக்கு முன் நின்றுபோகிறவர்களில் பலர் வேலை பிடிக்காமல் நிற்பதில்லை. பேருந்து நேரமும் காப்பக நேரமும் உங்கள் ஷிப்ட்டோடு ஒத்துவராமல்தான் நிற்கிறார்கள். சேர்க்கும் நாளன்றே 8850ஐ வாங்கி வைத்துவிட்டு, “எந்த பஸ்ல வருவீங்க, குழந்தையை எத்தனை மணிக்குக் கூப்பிடணும்?” என்று கேட்டு, அதற்கேற்ப முதல் மாத ஷிப்ட்டைப் போட்டுக் கொடுங்கள்.